வியாழக்கிழமையின் மூன்றாவது மணி

பெயர்: தௌவா எலியா. இதில் தௌவா என்பது எங்கள் குடும்பத் தலைவர் பட்டம், எலியா எனக்கு இட்ட பெயர்.
வயது: 51.
இருப்பிடம்: வைதோலு கிராமம், உபோலு தீவின் தென்கரை, சமோவா.
தொழில்: சேப்பங்கிழங்கு, தேங்காய்ப் பயிர். ஊர்ச் சபை உறுப்பினர். பதினோரு வருடமாக ஊர் மணிக்குப் பொறுப்பு.
பதிவான நாள்: 2023 பிப்ரவரி 20, திங்கட்கிழமை, காலை பத்து மணி முதல்.

நான் மேற்சொன்ன ஊரில் என் மனைவி லோசா (46), மகன் யோவானே (9) ஆகியோருடன் குடியிருந்து வருகிறேன். கடந்த வியாழக்கிழமை மாலை வரை மகள் மனுசினாவும் (16) எங்களோடு இருந்தாள். என்னை யாரும் அழைத்து வரவில்லை, நானே பஸ் ஏறி இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன். என் தம்பி மகன் தாமாதி (22), அவனோடு அன்று ஆற்றங்கரைக் காவலில் நின்ற மிகாயேலே (34) ஆகிய இருவரும் வெள்ளிக்கிழமை முதல் இங்கே அடைபட்டிருக்கிறார்கள். என் மகளை ஆற்றில் உட்காரவைத்துச் சாகவிட்டதாக அவர்கள் மேல் எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவளை உட்காரவைத்தது அவர்கள் அல்ல. அதைச் சொல்லவே வந்தேன். சார்ஜென்ட் அம்மா, நான் சொல்வதை இடையில் நிறுத்தாமல் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன், நிறுத்தினால் மறுபடி தொடங்க என்னால் ஆகாது.

எங்கள் ஊரில் மாலையில் மூன்று முறை மணி அடிப்பது வழக்கம். மணி என்று சொன்னாலும் அது என் வீட்டு முற்றத்துச் சீமைப்பலா மரத்தில் தொங்கும் காலி கேஸ் சிலிண்டர்தான், அதை அடிக்க ஒரு இரும்புக் கம்பி உண்டு. ஆறரைக்கு அடிக்கும் முதல் மணிக்கு எல்லோரும் வீடு திரும்ப வேண்டும். பத்து நிமிடம் கழித்து இரண்டாவது மணி. அப்போது ஒவ்வொரு வீட்டிலும் ஜெபம் தொடங்கும், சாலையில் யாரும் நடமாடக் கூடாது. வழியில் மாட்டிக்கொண்டவர் மாட்டிய இடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும். ஜெபம் முடிந்ததும் மூன்றாவது மணி அடிப்பேன், அதன்பின் எழுந்து போகலாம். மொத்தம் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகாது. பட்டம் இல்லாத ஆண்கள் முறைவைத்துச் சாலையில் நின்று இதைக் கவனிப்பார்கள். மூன்றாவது மணியை எப்போது அடிப்பது என்பது என் கையில் இருந்தது. அந்தக் கம்பியை என்னைத் தவிர வேறு யாரும் தொட மாட்டார்கள். சொல்லப்போனால் அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஜனவரி மாதக் கடைசியில் ஒரு நாள் இரண்டாவது மணி அடித்து நான் கம்பியைக் கீழே வைப்பதற்குள் என் மகள் மனுசினா முற்றத்துக்குள் ஓடி வந்தாள். உட்கார வேண்டிய இடத்தில் உட்காராமல் நூறு அடி ஓடியிருக்கிறாள். காவல்காரர்கள் பார்த்துவிட்டார்கள். மணி அடிப்பவன் வீட்டுப் பெண்ணே மணியை மதிக்கவில்லை என்று அடுத்த சபையில் பேச்சு வந்து, எனக்கு ஒரு பன்றியும் ஒரு பெட்டி டின் மீனும் அபராதம் போட்டார்கள். கொடுத்துவிட்டேன், அது பெரிதில்லை. வயதில் என்னைவிட இளையவர் ஒருவர், "தௌவா, ஊருக்கு மணி அடிச்சா போதுமா, வீட்டுக்கும் கொஞ்சம் அடிக்கக் கூடாதா?" என்று கேட்டார். சபை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் என் காது எரிந்துகொண்டிருந்தது.

அதன்பின் வீட்டுக்குப் போய் மகளைக் கூப்பிட்டு நிறுத்தினேன். அவளை நான் அடிக்கவில்லை. அடித்தேனா என்று கேட்கிறீர்கள், அன்று அடிக்கவில்லை, அதற்கு முன் அடித்ததுண்டு. அன்று அவளுடைய பள்ளி நோட்டில் ஒரு வாக்கியத்தை இருநூறு தடவை எழுதச் சொன்னேன். "மணி அடித்தால் எங்கே இருந்தாலும் அங்கேயே உட்காருவேன், மூன்றாவது மணி அடிக்கும்வரை எழுந்திருக்க மாட்டேன்." எழுதி முடித்துக் கீழே முழுப் பெயரும் தேதியும் போட்டுக் கையெழுத்து வைக்கச் சொன்னேன். நூற்று இருபதாவது தடவை வாக்கில் எழுத்து கோணலாகப் போனதால் அந்தப் பக்கத்தைக் கிழித்துத் திரும்ப எழுதச் சொன்னேன். அவள் தன் தம்பியைப் பார்த்து, "டேய், நீ பெரியவனானா அப்பாகிட்ட நோட்டுப் புத்தகமே காட்டாதே" என்று சொன்னாள். அவனுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன். அந்த நோட்டை இன்று கொண்டுவந்து சார்ஜென்டிடம் ஒப்படைத்திருக்கிறேன். கையெழுத்து அழகாக இருக்கும்.

என் வீட்டில் வேறு கட்டுப்பாடுகளும் இருந்தன. அவற்றை ஒரு தாளில் எழுதி நடுத் தூணில் ஒட்டியிருந்தேன், அந்தத் தாளை சனிக்கிழமை உங்கள் ஆட்கள் எடுத்துப் போனார்கள். பள்ளி விட்டதும் முதல் பஸ்ஸில் வர வேண்டும். சொந்தக்காரர் அல்லாத ஆணுடைய வண்டியில் ஏறக் கூடாது. அண்ணன் முறை உள்ளவர் சொன்னால் மறுபேச்சு கூடாது. கைப்பேசி வெள்ளி, சனி மட்டும்தான். மற்ற நாளில் அதை பிஸ்கட் டின்னில் போட்டுப் பூட்டிவைப்பேன். சாவி என் கழுத்தில் இருந்தது. என் மனைவி ஒரு முறை, "இத்தனை இருந்தா புள்ளைக்கு மூச்சு விடுறதுக்கும் ஒரு நேரம் எழுதிடுங்க" என்றாள். நான் அவளிடம் ஊரில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கும் பெண்கள் இரண்டு பேர் பெயரைச் சொல்லி வாயடைத்தேன். பெண் பிள்ளையைப் பெற்றவன் பயத்தை யாரும் எழுதி ஒட்டுவதில்லை. எனக்கு மகள்மேல் பாசம் இல்லை என்று யாராவது சொன்னால் அது பொய்.

கடந்த வாரம், அதாவது 13ஆம் தேதி திங்கட்கிழமை, காவல்காரர்களைக் கூட்டிப் பேசினேன். தாமாதியும் மிகாயேலேவும் முன்வரிசையில் இருந்தார்கள். அன்று நான் சொன்னது இது: "என் பொண்ணா இருந்தாலும் விடாதீங்க. மணிக்கு அப்புறம் ஒரு அடி எடுத்து வெச்சாலும் என்கிட்ட வந்து சொல்லணும். எவனாவது முகத்தைப் பார்த்து விட்டான்னு தெரிஞ்சுது, அபராதம் அவன் வீட்டுக்கு." அதற்கு மிகாயேலே, "சரிங்க ஐயா, உங்க பொண்ணுக்குத் தனியா ஒரு பாய் விரிச்சு வெச்சிடறோம்" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தான். அவன் எப்போதும் அப்படித்தான் பேசுவான். நான் சிரிக்காததால் மற்றவர்களும் சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள். இந்த இடத்தை நன்றாக எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் செய்தது நான் சொல்லிக்கொடுத்தது.

16ஆம் தேதி வியாழக்கிழமை காலை, பள்ளியில் மாலை வாலிபால் பயிற்சி இருப்பதாகவும் இருந்துவிட்டு வரலாமா என்றும் மனுசினா கேட்டாள். கூடாது என்றேன். "ஏம்பா?" என்றாள். அவளிடம் காரணம் சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை. அவள் தேங்காய்ப்பாலில் வெந்த கிழங்கைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாள். முதல் பஸ்ஸில் அவள் வரவில்லை.

இனிச் சொல்லும் ஒரு பகுதியை நான் நேரில் பார்க்கவில்லை. அடக்கத்துக்கு வந்த அவள் பள்ளித் தோழி ஃபிலோமேனா என் மனைவியிடம் அழுதுகொண்டே சொன்னது. மனுசினா பயிற்சிக்கு இருந்துவிட்டாள். ஐந்து மணிக்கு ஃபிலோமேனாவின் அண்ணன் தன் பிக்கப் வண்டியில் தங்கையைக் கூட்டிப்போக வந்திருக்கிறான். வைதோலு வழியாகத்தான் போகிறோம், முதல் மணிக்கு முன்னாலேயே வீட்டு வாசலில் இறக்கிவிடுகிறோம் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். "வேணாம்டி, உங்க அண்ணன் வண்டியில ஏறினேன்னு தெரிஞ்சா எங்கப்பா என்னைத் தோல உரிச்சுடுவாரு, நான் பஸ்லயே வரேன்" என்று சொல்லிவிட்டாள். பின்னால் திறந்த தட்டில் அந்தப் பெண்ணின் அம்மா உட்பட நான்கு பேர் இருந்திருக்கிறார்கள். பேச அவளிடம் கைப்பேசி இருந்திருந்தால் என்னிடம் கேட்டிருப்பாள். கேட்டிருந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன், அதையும் மறைக்கவில்லை.

கடைசி பஸ் எங்கள் ஊருக்குள் வராது, ஆற்றுக்கு அக்கரையில் உள்ள முக்குச் சாலையோடு திரும்பிவிடும். அங்கே இறங்கி நடந்தால் இருபத்தைந்து நிமிடம். ஆற்றுக்குப் பாலம் கிடையாது, சிமெண்டுத் தளத்தின்மேல் முழங்காலுக்குக் கீழே தண்ணீர் ஓடும், அதன் வழியாக நடந்தோ வண்டியிலோ கடப்போம். தளத்திலிருந்து பத்தடி தள்ளி, தண்ணீர் வரும் பக்கத்தில், நடு ஆற்றில் பெண்கள் துணி துவைக்கும் தட்டைப் பாறை ஒன்று இருக்கிறது. அன்று எங்கள் ஊரில் ஒரு சொட்டு மழை இல்லை. மலைப்பக்கம் மத்தியானம் முதல் கருத்துக்கிடந்தது. அதை நானும் பார்த்தேன், எல்லோரும் பார்த்தார்கள். பிப்ரவரியில் மலை கருக்காத நாளே கிடையாது என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆறரைக்கு முதல் மணியை நானே அடித்தேன். மகள் வரவில்லை. என் மனைவி சாலைப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னும் ஒரு அஞ்சு நிமிஷம் பொறுத்து அடிங்களேன், புள்ள ஆத்துப்பக்கம் வந்திருப்பா" என்று கேட்டாள். அவள் கேட்டதாலேயே நான் இரண்டு நிமிடம் முன்னதாக அடித்தேன். இதை இதுவரை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆறு முப்பத்தெட்டுக்கு இரண்டாவது மணி அடித்தேன். அந்த இரண்டு நிமிடத்தில் அவள் கரையேறியிருப்பாள்.

ஆற்றங்கரையில் நடந்தது தாமாதி எனக்கு அன்றிரவு சொன்னபடி: இரண்டாவது மணி அடித்தபோது மனுசினா சிமெண்டுத் தளத்தில் பாதி தூரம் வந்திருந்தாள். மணியைக் கேட்டதும் யாரும் சொல்லாமலே நின்றுவிட்டாள். "அண்ணா, இப்ப நான் தண்ணியிலேயே உட்காரணுமா?" என்று கேட்டிருக்கிறாள். அதற்கு மிகாயேலே, "நடு வழியில வேணாம், அந்தப் பாறையில போய் மகாராணி மாதிரி உட்காரும்மா, உங்கப்பா மணி அடிக்கட்டும்" என்றான். அவள் போய்ப் பாறையில் உட்கார்ந்து பள்ளிப் பையை மடியில் வைத்துக்கொண்டாள். "இன்னைக்கு எங்கப்பா வேதத்துல சின்னதா பார்த்து வாசிக்கணும்னு ரெண்டு பேரும் வேண்டிக்கோங்க, எனக்குப் பசி உயிர் போகுது" என்று சொல்லியிருக்கிறாள். அவர்கள் சிரித்திருக்கிறார்கள். பத்து நிமிடம் அந்தப் பாறையில் உட்காருவது யாருக்கும் ஆபத்தானதல்ல. அந்த இடத்தில் நின்றிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

என் வீட்டில் அந்த நேரம் ஜெபம் தொடங்கிவிட்டது. ஒரு கீதம் பாடினோம். மகள் வெளியே எங்கேயோ உட்கார்ந்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். சாலையோரத்தில், பஸ் வரும் வழியில், கொசுக்கடியில், ஊரார் பார்க்க உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். நன்றாக உட்காரட்டும் என்று நினைத்தேன். ஆறு என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. வழக்கமாக வாசிக்கும் சிறிய பகுதியை விட்டுவிட்டு மிக நீளமான பகுதியைத் தேடி எடுத்தேன். யோவானே பக்கங்களை எட்டிப்பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டான், அவன் முழங்காலில் ஒரு தட்டு தட்டினேன். அதன்பின் ஒரு வரி விடாமல் நிறுத்தி நிதானமாக வாசித்தேன். பக்கத்து வீடுகளில் பாட்டும் ஜெபமும் முடிந்து சத்தம் அடங்கிவிட்டது எனக்குக் கேட்டது. ஊர் முழுக்க ஜெபத்தை முடித்துவிட்டு என் மணிக்காகக் காத்திருந்தது.

வாசிப்பு முடிந்ததும் நான் ஜெபம் பண்ணினேன். என்ன ஜெபம் என்று சார்ஜென்ட் இரண்டு தடவை கேட்டீர்கள். மகளுடைய பெயரைச் சொல்லி, அவளுக்குக் கீழ்ப்படிகிற மனதைக் கொடும் என்று கேட்டேன். அதையே பல விதமாகச் சுற்றிச் சுற்றிக் கேட்டேன். நடுவில் என் மனைவி தலையைத் தூக்கி, "மணி அடிங்க, போதும்" என்று மெல்லச் சொன்னாள். ஜெபத்துக்கு நடுவில் அவள் பேசியது அதுவே முதல் தடவை. நான் ஒரு பார்வை பார்த்தேன், குனிந்துகொண்டாள்.

நான் ஜெபத்தில் இருக்கும்போதே தாமாதி முற்றத்துக்குள் வந்தான். எங்கள் வீட்டுக்குச் சுவர் இல்லை, நான்கு பக்கமும் தூண்தான், ஆகவே அவன் வருவதை நான் கண் திறந்து பார்த்தேன். ஓடி வந்தவன் முற்றத்தில் கால் வைத்ததும் நடையைக் குறைத்து, பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு எப்படி வர வேண்டுமோ அப்படி இடுப்பை வளைத்துக்கொண்டு வந்தான். அவன் இடுப்புத் துணி முழங்கால்வரை நனைந்திருந்தது. அதைப் பார்த்தேன், பார்த்தும் யோசிக்கவில்லை. என் மகள் மாட்டிக்கொண்டதைச் சொல்ல வந்திருக்கிறான் என்று நினைத்தேன், உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அவன் வாயைத் திறந்தான். நான் உள்ளங்கையைக் காட்டி, பிறகு தரையைக் காட்டினேன். அவன் சரளைக் கற்கள் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். நான் கண்ணை மூடி ஜெபத்தை முடித்தேன். முடித்துவிட்டு மணி அடிக்காமல், இன்னொரு கீதத்தைத் தொடங்கினேன்.

அவன் ஏன் உட்கார்ந்தான் என்று நீங்கள் அவனைக் கேட்டு அடித்திருக்கிறீர்கள், அவன் உதடு கிழிந்திருப்பதை இப்போது பார்த்தேன். என்னிடமும் அவன், "நீங்க கையைக் காட்டுனீங்க பெரியப்பா, உட்கார்ந்துட்டேன். ஏன் உட்கார்ந்தேன்னு எனக்கே தெரியல" என்றுதான் சொன்னான். எனக்குத் தெரியும். அவன் அப்பா இறந்தபின் ஆறு வயதிலிருந்து அவனை வளர்த்தவன் நான். நான் கையைக் காட்டினால் உட்கார்ந்தே பழக்கம். ஊரில் எல்லோரும் அவனைக் காட்டித் தங்கள் பிள்ளைகளுக்கு, "தௌவா வளர்த்த பையனைப் பாரு" என்று சொல்வார்கள்.

கீதத்தின் இரண்டாவது அடியில் தாமாதி எழுந்து நின்று, "பெரியப்பா, மனுசினா ஆத்துல! தண்ணி ஏறுது!" என்று கத்தினான். நான் உடனே எழுந்திருக்கவில்லை. பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும்போது நின்றபடி கத்துகிறானே என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. சொன்ன வார்த்தை அதற்குப் பிறகே மண்டையில் ஏறியது. எவ்வளவு நேரம் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அதற்குள் என் மனைவி வெளியே ஓடிவிட்டாள். நானும் ஓடினேன்.

மணி அடிக்க எனக்குத் தோன்றவில்லை. அடித்திருந்தால் ஊர் முழுக்க வெளியே வந்திருக்கும். நான் கத்திக்கொண்டு ஓடுகிறேன், இரண்டு பக்கமும் வீடுகளில் ஆண்கள் சம்மணம் போட்டு என்னைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். மணி அடிக்கவில்லை, அதனால் எழுந்திருக்கவில்லை. கடை முக்கில் நின்ற காவல்காரன் இருட்டத் தொடங்கிய வெளிச்சத்தில் என்னை அடையாளம் தெரியாமல், "யார்ரா அது, உட்காரு!" என்று அதட்டினான். அவனைத் தள்ளிவிட்டு ஓடினேன். அவன் பெயரைச் சொல்ல மாட்டேன். அவன் வேலையை அவன் சரியாகச் செய்தான்.

கரைக்குப் போனபோது பாறை தெரியவில்லை. தண்ணீர் செம்மண் நிறத்தில் மரக்கிளைகளைப் புரட்டிக்கொண்டு வந்தது. மிகாயேலே கீழே வெகு தூரத்தில் ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் கிடந்தான். இரண்டு கை நகங்களும் பிய்ந்திருந்தன, நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவனை இழுத்துப் போட்டதும் அவன் சொன்னது இது. தண்ணீர் ஏறுவதைக் கண்டு மணி அடிக்கச் சொல்லத் தாமாதி என்னிடம் ஓடியபின்னும் அது மெதுவாகத்தான் ஏறியது. அவள் காலை மடக்கிக்கொண்டு, "மிகாயேலே அண்ணா, எழுந்துக்கலாமா?" என்று கேட்டாள். "இதோ, இப்ப அடிச்சிடுவார்" என்றான். கொஞ்சம் கழித்து மறுபடி கேட்டாள். மறுபடியும் அதையே சொன்னான். மூன்றாவது தடவை அவள் கேட்கவில்லை, அவனே பயந்துபோய், "எந்திரி, எந்திரி, வந்துடு" என்று கத்தினான். அவள் எழுந்தாள். எழுந்து ஊர்ப்பக்கம் திரும்பி, மணி கேட்கிறதா என்று ஒரு கணம் காது கொடுத்தாள். அந்த நேரத்தில் மேலிருந்து பெருந்தண்ணீர் வந்துவிட்டது. அவன் உடனே குதித்தான். நீச்சல் தெரிந்த ஊரில் அவனைவிட நன்றாக நீந்துபவன் இல்லை.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் ஆறு கடலில் சேருமிடத்தில் அவள் கிடைத்தாள். பை தோளிலேயே இருந்தது. சனிக்கிழமை எங்கள் வழக்கப்படி வீட்டு முற்றத்திலேயே அடக்கம் செய்தோம்.

சார்ஜென்ட் கேட்டதற்குச் சொல்கிறேன். நான் கட்டுப்பாடு வைத்தது அவள் கெட்டுப்போய்விடுவாள் என்ற பயத்தால். மனுசினா பயிற்சிக்கு இருந்தது ஒன்றைத் தவிர அன்று என் சொல்லை மீறவில்லை. வண்டியில் ஏறவில்லை, மணிக்கு நின்றாள், அண்ணன்மார் சொன்ன இடத்தில் உட்கார்ந்தாள், எழுந்திருக்க அனுமதி கேட்டாள். நான் அவளுக்குக் கீழ்ப்படிதல் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்த நேரம் முழுக்க அவள் கீழ்ப்படிந்துகொண்டிருந்தாள். இந்த ஒன்றுதான் எனக்கு விடியவிடியப் புரிந்துகொண்டே இருக்கிறது. தாமாதியையும் மிகாயேலேவையும் விட்டுவிடுங்கள். ஆறு முப்பத்தெட்டிலிருந்து, நான் எழுந்து ஓடிய ஏழு பன்னிரண்டு வரை மணியைப் பிடித்து வைத்திருந்தவன் நான். அவர்கள் இடத்தில் என்னை அடையுங்கள். சட்டத்தில் அதற்குப் பெயர் இல்லை என்று சொன்னீர்கள். ஏதாவது ஒரு பெயர் போட்டு எழுதிக்கொள்ளுங்கள், மறுக்க மாட்டேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை உங்கள் ஆட்கள் தூணில் ஒட்டிய தாளோடு மணி அடிக்கும் இரும்புக் கம்பியையும் சாட்சிப் பொருளாக எடுத்து வந்துவிட்டார்கள். துக்கத்துக்காக ஊரும் மணியை நிறுத்தி வைத்திருக்கிறது. அன்றிலிருந்து என் மனைவி என்னோடு பேசுவதில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் மாலை ஆறரை வாக்கில் போய் மகள் குழிக்குப் பக்கத்தில் சரளையில் உட்கார்ந்துகொண்டாள். யோவானே போய் அழைத்தான், வரவில்லை. நேற்று நன்றாக இருட்டியபின் நானே போய், "உள்ளே வா லோசா, பனி விழுது" என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல், "நீங்க இன்னும் மூணாவது மணி அடிக்கலையே" என்றாள்.

அவள் சொன்னது உண்மை. வியாழக்கிழமை மூன்றாவது மணி அடிக்கப்படவே இல்லை. ஆகவே அந்தக் கம்பியை இன்று ஒரு மாலைக்கு மட்டும், வேண்டுமானால் ஒரு போலீஸ்காரர் துணையோடு, என்னிடம் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அடித்துவிட்டு நாளைக் காலை முதல் பஸ்ஸில் அதையும் என்னையும் கொண்டுவந்து ஒப்படைத்துவிடுகிறேன். மகள் எழுந்து போகட்டும்.

இதில் உள்ளவை எல்லாம் என் வாயால் சொன்னவை. எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. "அவன் வேலையை அவன் சரியாகச் செய்தான்" என்ற வரியை நீக்கலாமா என்று சார்ஜென்ட் கேட்டார், வேண்டாம் என்றேன். ஒரு சொல்லும் கூட்டவோ குறைக்கவோ இல்லை, எல்லாம் நடந்தது நடந்தபடியே. முழுப் பெயரும் தேதியும் எழுதிக் கையெழுத்து வைக்கிறேன்.

தௌவா எலியா
20 பிப்ரவரி 2023